துரைக்கு வயிறு சரியில்லை

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை டச்சுக்காரர்களிடம் ஒரு தடவை பறிகொடுத்தார்கள், 1693இல். ஆங்கிலேயர்களிடம் 1761, 1778, 1793, 1803 என்று நான்கு தடவை. பள்ளிக்கூடத்து வரலாறு இத்தோடு மணியடித்துவிடும். வயிற்றிடம் அவர்கள் வாங்கிய அடியைப் பற்றி மட்டும் பழைய கவர்னர் துய்ப்ளேயின் சிலை வாயே திறக்காது.

அந்த அடியை வாங்கியவர்களில் முக்கியமானவர் கியோம் லெ ழாந்தி. பாரிஸ் அறிவியல் கழகத்தின் வானியலாளர். வெள்ளிக் கிரகம் சூரியனைக் குறுக்கே கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளந்துவிட்டு வருகிறேன் என்று 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார். கப்பல் மாஹே பக்கம் வரும்போது ஒரு சேதி: புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். கப்பல் வந்த வழியே திரும்பியது. 1761 ஜூன் 6ஆம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது துரை நடுக்கடலில் ஆடிக்கொண்டிருந்தார். தளும்பும் கப்பலில் நின்று எதை அளப்பது?

அடுத்த கடப்பு 1769இல். அதற்கடுத்தது 1874இல். கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டு வருஷம் காத்திருப்பதே மேல் என்று இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கிவிட்டார். நடுவில் மணிலாவுக்குப் போய்க் கருவிகளை வைத்தார். பாரிஸிலிருந்து, இல்லை, புதுச்சேரிக்கே போ என்று உத்தரவு. 1768 மார்ச்சில் வந்து சேர்ந்தார். கவர்னர் லா த லோரிஸ்தோன், ஆங்கிலேயர் இடித்துப் போட்ட கோட்டையின் மிச்சத்தின் மேல் ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். இடித்த ஆங்கிலேயர்களே சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றும் அனுப்பிவைத்தார்கள். அந்தக் காலத்து விரோதத்துக்கும் ஒரு நாகரிகம் இருந்தது.

காத்திருந்த நேரத்தில் துரை உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டில் வந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று ஒரு தமிழர் போட்ட கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் பெருமைமிகு மாயர் அட்டவணை 68 விநாடி கூடிப்போனது. நம்மாள் ஜெயித்தார். எழுதிவைத்தவர் அந்தத் துரையேதான், அது அவருடைய பெரிய மனசு.

1769 மே மாதம் முழுக்க வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜூன் 3 இரவும் அப்படித்தான். விடிவதற்குள் மேகம் திரண்டது. வெள்ளி கடந்து முடிகிறவரை நகரவில்லை. முடிந்ததும் சூரியன் பல்லிளித்துக்கொண்டு வெளியே வந்தான். மணிலாவில் அன்றைக்கு வானம் படு சுத்தம். இரண்டு வாரம் துரைக்குப் பேனா பிடிக்கக் கை வரவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்தது. கூடவே சீதபேதி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், முழுக்கக் கற்பனை. குசினிக்காரர் ஒரு சொம்போடு கட்டில் பக்கம் நிற்கிறார்.

“துரை, ராத்திரி தண்ணி ஊத்தின சோறு. மோர் விட்டுக் கரைச்சிருக்கு. ஒரு மடக்கு குடிங்க.”

“புளித்துப்போயிருக்கிறதே?”

“புளிக்கணும்னுதானே துரை ராத்திரி பூரா வெச்சிருந்தது?”

“கெட்டுப்போனதைக் குடிக்க எனக்கென்ன பைத்தியமா?” என்று திரும்பிப் படுத்த துரை, ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியை நினைத்து ஏங்குகிறார். உள்ளே நீலப் பூஞ்சை பூத்த கட்டி அது. அதற்குப் பெயர் ருசியாம்.

அவர் ஊர் வைத்தியம் இபேகாகுவானா என்ற பிரேசில் நாட்டு வேர். பதினான்காம் லூயி ஆயிரம் தங்கக் காசு கொடுத்து எல்வேசியுஸ் என்ற வைத்தியரிடம் வாங்கிய ரகசியம். குடித்தால் குடலைப் புரட்டும். கீழே போவது போதாதென்று மேலேயும் வாசலைத் திறந்துவிடுகிற வைத்தியம். சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், அந்த வேரில் இருக்கும் எமெட்டின் அமீபா சீதபேதியை அடக்கும் என்று 1912இல் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ் காட்டிவிட்டார். ஆகவே நீராகாரம் குடித்திருந்தால் துரை எழுந்து ஓடியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வாந்திபேதி வந்தபோது பழையது சாப்பிட்டவர்களும் சாரிசாரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் கெட்டால் மோர்ச்சட்டி என்ன செய்யும்? முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீர் வெள்ளைக்காரத் தெருவுக்கு வந்ததற்கு நன்றியாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஆயி என்ற தாசியின் பெயரில் மண்டபமே எழுப்பினார்கள். நல்ல தண்ணீரின் அருமை வயிறு கெட்டவனுக்குத்தான் தெரியும்.

துரை 1770 மார்ச்சில் நோயோடு கப்பலேறி, புயலில் மாட்டி, 1771 அக்டோபரில் ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் செத்துப்போனதாக முடிவுகட்டி, சொந்தக்காரர்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழகத்தில் அவர் இடமும் காலியில்லை. வழக்குப் போட்டு, உயிரோடிருப்பதை நிரூபித்து, அப்புறமும் இருபது வருஷம் வாழ்ந்தார்.

அடுத்த காட்சி பாரிஸிலேயே நடக்கிறது. 1904இல் பாஸ்தர் ஆய்வகத்தின் மெச்னிகாவ், கிழத்தனத்துக்குக் காரணம் பெருங்குடலில் நடக்கும் அழுகல், அதற்கு மருந்து புளித்த பால் என்று பேசினார். மறுநாளே பாரிஸ் சனம் தயிருக்கு அலைந்தது. பல்கேரியாக்காரர்கள் தயிர் சாப்பிட்டு நூறு வயது வாழ்கிறார்களாம். இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தயிர்ச்சோற்றின் நடுவே குடியிருந்த ஒரு அரசாங்கத்துக்கு, தயிரைப் பற்றிச் சேதி பல்கேரியாவிலிருந்து வரவேண்டியிருந்தது! மெச்னிகாவ் நாள் தவறாமல் புளித்த பால் குடித்து 71 வயதில் காலமானார். அந்தப் பல்கேரிய பாக்டீரியா குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற விருந்தாளி அது.

அதே 1920களில் ஆன்றி புலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் காலரா நடுவே நின்றார். லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்த உள்ளூர்க்காரர்களின் வயிறு தப்பித்ததைக் கவனித்தார். அந்தத் தோலில் இருந்த ஈஸ்டைப் பிரித்தெடுத்துத் தன் பெயரையே வைத்தார். இன்றைக்கு வயிற்றுப்போக்குக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் பொட்டலங்களில் ஒன்று அது. அப்போது சைகோன் அரசாங்க ஆபீஸ்களில் புதுச்சேரித் தமிழர்கள் நிறைய பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தரைக் கூப்பிட்டு, “உங்க ஊர்ல வயிறு கெட்டா என்னய்யா குடிப்பீங்க?” என்று கேட்டிருந்தால், நீராகாரத்தில் தொடங்கி ஓமத்தண்ணீர் வரை பட்டியலே கொடுத்திருப்பார்.

அவர்கள் கேட்காமல் விட்டதை வேலூர் கேட்டது. 1980இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மதன், பேக்கர் மூவரும் தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வைட்டமின் பி12 தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 2000இல் ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளின் உப்புச் சர்க்கரைக் கரைசலில், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பேதி குறைந்தது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. அவை உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க உதவுகின்றன. வடித்து ஆறவைத்த சோற்றிலும் இந்த வகை மாவு கொஞ்சம் உண்டு. ராத்திரி தண்ணீர் ஊற்றி மூடிவைத்துக் காலையில் திறந்தால், சட்டி ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி, மேலே கலங்கிய நீர், மூக்குக்கு ஒரு இலேசான புளிப்பு. லாக்டிக் அமில பாக்டீரியா ராத்திரி ஷிப்ட் பார்த்ததற்கு அதுவே அத்தாட்சி. சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டால் ஆயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டார்களா? 1919இல் பார்சிலோனாவில் பாஸ்தர் ஆய்வக உறைமோரை வைத்துத் தொடங்கி, பாரிஸில் வளர்ந்த டானோன் கம்பெனி, 2005இல் ஜப்பானின் யாகுல்ட்டோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் கடை விரித்தது. 65 மில்லி குப்பி, உள்ளே 650 கோடி பாக்டீரியா. அப்புறம் தயிரையே கப்பில் அடைத்து நமக்கு விற்கப் பார்த்தது. 2018இல் அந்தப் பால் வியாபாரத்தை மூடிக்கொண்டு கிளம்பியது. 1761இல் பிரெஞ்சுக்காரர்களைக் கிளப்ப ஆங்கிலேயத் தளபதி எயிர் கூட் மாதக்கணக்கில் முற்றுகை போட்டு, கோட்டையைத் தரைமட்டமாக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை எதிரில் நின்றது வீட்டு உறைமோர்.