மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன்

(பிலடெல்பியா விமான நிலையம். சைரக்யூஸ் விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, மடியில் கோடு போட்ட நோட்டை வைத்துச் சிவப்பு ஜெல் பேனாவால் வரிசை வரிசையாக ஸ்ரீராமஜெயம் எழுதுகிறார். பக்கத்தில் தம்பி மகள் நித்யா.)

பெரியப்பா: ஷூவைக் கழட்டக் குனிஞ்சேன், வேண்டாம்னுட்டான். செக்கிங்கே கெட்டுப்போச்சு.

நித்யா: 2025 ஜூலையோட நிறுத்திட்டாங்க பெரியப்பா. 2001 டிசம்பர்ல ஒருத்தன் ஷூவுக்குள்ள வெடிமருந்து வச்சுப் பாரிஸ்ல ஏறினான். அவன் ஒருத்தனால ஊரு உலகமே ஓட்டை சாக்ஸைக் காட்டிச்சு.

பெரியப்பா: அதைத்தான் சொல்றேன். எல்லாரையும் எதுக்குக் கழட்டச் சொல்லணும்? ஆளைப் பார்த்துப் பிடி. முப்பது வருஷம் லோன் குடுத்தவன் நான். எதிர்ல வந்து உக்காரும்போதே தெரிஞ்சுடும், கட்டுவானா மாட்டானான்னு.

நித்யா: வாராக்கடன் எவ்வளவு நின்னுச்சு?

பெரியப்பா: அது வேற. அவனுங்க மூஞ்சியெல்லாம் லட்சணமா இருந்துச்சு.

நித்யா: ஷூக்காரன் பேரு ரிச்சர்ட். பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஆளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு முந்தின நாளே போலீஸ் விசாரிச்சுது. மறுநாள் ஏத்தி விட்டுட்டாங்க. நடுவானத்துல அவன் தீக்குச்சியைக் கிழிச்சப்போ அமுக்கினது விமானப் பணியாளர்களும் பயணிகளுந்தான்.

பெரியப்பா: இஸ்ரேல்காரனைப் பாரு. எல் ஆல் விமானத்துல ஈ நுழையுமா? இனம் பார்க்கிறான், பிடிக்கிறான்.

நித்யா: 1986 ஏப்ரல், லண்டன் ஹீத்ரோ. அவங்க பிடிச்சது யாரைத் தெரியுமா? மாசமா இருந்த ஒரு அயர்லாந்துப் பொண்ணு. கட்டிக்கிறேன்னு சொன்னவன் குடுத்த பையில, அடித்தட்டுக்குக் கீழே ஒண்ணரைக் கிலோ வெடிமருந்து. அவளுக்கே தெரியாது.

பெரியப்பா: பிள்ளைத்தாச்சியா? நானா இருந்தா பையைத் தூக்கிட்டுப் போய் சீட்டுல வச்சுட்டு வந்திருப்பேன்.

நித்யா: உக்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க, பையைப் பிரிச்சுப் பார்த்தாங்க. அதனால மாட்டுச்சு.

பெரியப்பா: சரி, மூஞ்சியை விடு. நடத்தையைப் பாரு. திருடனுக்கு முழியே காட்டிக் குடுத்துடும்.

நித்யா: அதுக்கும் இங்கே ஒரு திட்டம் போட்டாங்க. முழி பார்க்கவே ஆளுங்களுக்குப் பயிற்சி. லிஸ்ட்டுல கொட்டாவி, விசில், தொண்டையைச் செருமுறது எல்லாம் உண்டு. சுமார் 90 கோடி டாலர் செலவு. 2013ல தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்துச்சு. நடத்தையை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறது, காசைச் சுண்டிப் போட்டுப் பார்க்கிறதுக்குச் சமம், மிஞ்சிப்போனா ஒரு பிடி மேலேன்னு எழுதிட்டாங்க.

பெரியப்பா: (தொண்டையைச் செருமி) ஏசிக் காத்தும்மா. ஒத்துக்கலை.

நித்யா: 2011ல நியூயார்க்ல நம்ம கலாம் ஐயா விமானத்துல ஏறி உக்கார்ந்தாச்சு. பின்னாலேயே போய்க் கோட்டையும் ஷூவையும் வாங்கிட்டுப் போய்ச் சோதிச்சாங்க.

பெரியப்பா: அது அநியாயம். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?

நித்யா: தெரியலையே. அது இருக்கட்டும், நாப்பது வருஷ மீசையை ஏன் நேத்து ராத்திரி எடுத்தீங்க?

பெரியப்பா: அரிச்சுது.

நித்யா: வாசல்ல இறங்கினதுலேருந்து என்கிட்ட இங்கிலீஷ்லேயே பேசினீங்களே, அதுவும் அரிப்பா?

பெரியப்பா: செக்கிங் முடிஞ்சதும் தமிழுக்கு வந்துட்டேன்ல? எல்லாரையும் மாதிரி நம்மளையும் நினைச்சுடுவான்னு ஒரு ஜாக்கிரதை.

நித்யா: அப்போ இன்னொண்ணையும் சொல்லிடறேன். 2016 மே மாசம், இதே ஊரு, இதே சைரக்யூஸ் விமானம். ஒரு பொருளாதாரப் பேராசிரியர் உக்கார்ந்து நோட்டுல என்னமோ எழுதிட்டிருந்தார். சுருட்டை முடி, மாநிறம். பக்கத்து சீட்டு அம்மா பார்த்தாங்க. புரியாத எழுத்து, இவர் தலை நிமிராம வரி வரியா எழுதறார். பணிப்பெண்கிட்ட துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆளைக் கீழே இறக்கி விசாரணை. விமானம் கிளம்பவே ரொம்ப நேரமாயிடுச்சு.

பெரியப்பா: அரபியா?

நித்யா: இத்தாலிக்காரர். எழுதினது வகைக்கெழுச் சமன்பாடு.

(எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நோட்டைப் பார்க்கிறார். பெரியப்பா அவரைப் பார்த்துப் பெரிதாகச் சிரிக்கிறார். பாட்டி சிரிக்கவில்லை.)

நித்யா: எத்தனை ஆச்சு பெரியப்பா?

பெரியப்பா: (பேனாவை மூடி, நோட்டைத் துண்டுக்குள் சுருட்டியபடி) ஃபிஃப்டி த்ரீ. பேலன்ஸ், அட் ஹோம்.