திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும்

2025-26 சீசன் தொடங்கும்போதே பேர்வைஸ் கணக்கை மூட்டை கட்டிவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஆண்கள் சாம்பியன்ஷிப்புக்குப் போகும் பதினாறு அணிகளைத் தேர்ந்தெடுக்க இனி என்.பி.ஐ. என்று புதிதாக ஒன்றாம். மாற்றட்டும், அது கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ.வின் உரிமை. ஆனால் பழைய கணக்கைக் கற்றுத் தேறுவதற்கு ஒரு தலைமுறை ரசிகர்கள் தொலைத்த குளிர்காலங்களுக்கு யார் பதில் சொல்வது? மிசிகனிலும் மினசோட்டாவிலும் மசாசூசெட்ஸிலும் வாசலில் முழங்காலளவு பனி கிடக்க, அதை அள்ளிப் போடாமல் உள்ளே உட்கார்ந்து, "நாளைக்கு இவன் தோற்று, அவன் டிரா செய்து, மூன்றாமவன் ஒரு கோலில் தப்பித்தால் நமக்குப் பதினான்காம் இடம்" என்று கூட்டிக் கழித்த ஜீவன்கள் எத்தனை! மே மாதத்தில் ரன் ரேட் கணக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வியாதியை விளக்க வேண்டியதில்லை. நானும் விளக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு புகார். கடைசியில் அதற்கு ஒரு பரிகாரமும் சொல்கிறேன்.

புகார் இதுதான். இந்தக் கணக்கு நியாயமாக இருக்கிறது. பழையதும் அப்படித்தான், புதியதும் அப்படித்தான். ஆறு லீக்குகளின் சாம்பியன்கள் நேரடியாக நுழைந்துவிடுவார்கள். மீதிப் பத்து இடங்களையும் எண்களே நிரப்பிவிடும். பெயர்பெற்ற கல்லூரி, பணக்காரக் கல்லூரி, பயிற்சியாளரின் மச்சான் படித்த கல்லூரி என்ற தாட்சண்யமே கிடையாது. சூத்திரம் ஊரறிந்த ரகசியம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பதினாறு பெயர்களையும் பரபரப்பாக அறிவிக்கும்போது, சனிக்கிழமை இரவே அவை தெரிந்துபோன ரசிகர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். இதை எல்லாரும் இந்த விளையாட்டின் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் இதை ரசிகனுக்குச் செய்த துரோகம் என்கிறேன். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை தொண்டையையும் சம்பளத்தையும் செலவழித்த மனிதனுக்குக் கடைசியில் தேவைப்படுவது நியாயம் அல்ல, திட்டுவதற்கு ஒரு முகம். கணக்குக்கு முகம் கிடையாது.

அந்தக் கணக்கின் உள்ளேதான் கொஞ்சம் போய்ப் பாருங்கள். பழைய முறையின் அடித்தளம் ஆர்.பி.ஐ. என்ற ஓர் எண். அதில் ஓர் அணி தானே ஜெயித்த விகிதத்துக்கு 25 சதவீத மதிப்பு. அதோடு மோதிய அணிகள் ஜெயித்த விகிதத்துக்கு 21. அந்த அணிகளோடு மோதிய அணிகள் ஜெயித்த விகிதத்துக்கு 54. அச்சுப்பிழை எதுவும் இல்லை. நம் பையன்கள் முட்டி பெயர்ந்து, தோள் இறங்கி ஜெயித்துக் கொடுப்பது கால் பங்கு. எவனோடோ விளையாடிய எவனோ, எங்கேயோ ஜெயிப்பது பாதிக்கும் மேல். பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணையும் பார்க்காமல், அவள் அப்பாவையும் விசாரிக்காமல், சம்பந்தியின் சம்பந்தி வீட்டில் எத்தனை பவுன் தேறும் என்று மட்டும் கேட்டுவிட்டு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. சம்பந்தியின் சம்பந்திக்கு நம்மைத் தெரியாது, நமக்கும் அவரைத் தெரியாது. ஆனாலும் அவர் வீட்டில் ஒரு தட்டு உடைந்தால் நம் வீட்டுப் பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான். ஆகவே அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நாம் விரதம் இருக்கிறோம். அவரோடு வம்பு வளர்ப்பவர் நாசமாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், விசாரித்த மட்டில் அந்த ஆளும் இன்னொரு வழியில் நமக்குச் சம்பந்தியின் சம்பந்தியாகவே இருந்து தொலைப்பார். மொத்தமே அறுபத்துச் சொச்சம் அணிகள். சுற்றிச் சுற்றி எல்லாரும் எல்லாருக்கும் உறவு. அந்த இருவரில் யார் வாழ்ந்தால் நமக்கு லாபம் என்பதைத் தசமப் புள்ளிக்கு அப்பால் நான்காவது இடத்தில் தேட வேண்டும். அதற்குள் அவர்கள் ஆட்டம் டிராவில் முடிந்து இருவரும் பாதி வாழ்ந்து பாதி கெட்டிருப்பார்கள்.

இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா ரிங்கில் நடப்பதைக் கவனியுங்கள். எதிரணி வீரர்களை அறிமுகம் செய்யும்போது கூட்டம் மொத்தமும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும். ஹார்வர்டு அணி பனித்தளத்தில் கால் வைத்தால் மேலிருந்து மீன் வந்து விழும். பல பத்தாண்டுகளாகப் போற்றி வளர்த்த பகை அது. ஆனால் ஹார்வர்டோடு வருஷத்துக்கு இரண்டு முறையாவது மோத வேண்டியிருப்பதால், ஹார்வர்டு மற்ற எல்லாரையும் ஜெயித்தால்தான் கார்னெலின் எண் ஏறும். மீன் எறிந்த கையை வெள்ளிக்கிழமை கழுவிவிட்டு, சனிக்கிழமை அதே கையைக் கூப்பி ஹார்வர்டுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். இப்படி வாழ்பவனுடைய மனநிலையைப் பற்றி எந்தச் சூத்திரத்துக்கும் அக்கறை இல்லை. இன்னும் இருக்கிறது. சொந்த ஊரில் ஜெயித்தால் அந்த வெற்றியின் மதிப்பு 0.8தான், வெளியூரில் ஜெயித்தால் 1.2. அதாவது நாம் அரங்கத்தில் உட்கார்ந்து கத்திய உதவிக்காக 0.2 பிடித்தம். மிகவும் நோஞ்சானான அணியை ஜெயித்தால் சராசரி இறங்கிவிடும் என்பதால், அப்படி இறக்கும் வெற்றிகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட ஒரு விதி. மூவாயிரம் பேர் கண்ணால் பார்த்த ஆட்டம் நடக்கவேயில்லை என்றாகிவிடும். இதற்கெல்லாம் மேலே, பழைய பேர்வைஸில் ஒவ்வோர் அணியையும் மற்ற ஒவ்வோர் அணியோடும் தனித்தனியாக நிறுத்தி ஒப்பிட வேண்டியிருந்தது. அறுபது அணி என்று வைத்தாலே 1,770 ஜோடி. புதிய என்.பி.ஐ. இதைவிட ஒரு படி மேல். நம் எண்ணைக் கண்டுபிடிக்க எதிராளியின் எண் வேண்டும், எதிராளியின் எண்ணைக் கண்டுபிடிக்க நம் எண் வேண்டும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். பென்சிலும் பேப்பருமாக இருந்தவனின் கடைசிப் பிழைப்பும் போயிற்று.

மனிதர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் ரசிகனுக்கு எவ்வளவு நன்மை என்பதற்கு அதே நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2023 டிசம்பரில், அமெரிக்கன் ஃபுட்பாலில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டம் ஆடி 13லும் ஜெயித்து, தன் லீக்கின் சாம்பியனாகவும் நின்றது. பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு அதை ஒதுக்கிவிட்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை நால்வரில் ஒருவராகச் சேர்த்தது. முக்கிய ஆட்டக்காரருக்குக் கால் போய்விட்டது, இனி இந்த அணி பழைய அணி இல்லை என்று காரணம் சொன்னார்கள். அதற்கப்புறம் அந்த ரசிகர்களுக்கு நடந்த ராஜமரியாதையைப் பாருங்கள். மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் விசாரணை தொடங்கினார். ஆளுநர் தம் வரவுசெலவுத் திட்டத்தில் வழக்குச் செலவுக்கென்று 10 லட்சம் டாலர் ஒதுக்க முன்மொழிந்தார். பதின்மூன்று பெயர்கள், பதின்மூன்று முகங்கள்! ஆளுக்கொரு மாதம் வைத்துத் திட்டினாலும் ஒரு வருஷம் தாண்டும். ஹாக்கியில் பதினேழாம் இடத்தில் வெளியே நிற்கும் அணியின் ரசிகனுக்கு எந்த ஆளுநர் ஒரு டாலர் ஒதுக்கியிருக்கிறார்? நாலாவது தசமத்தின் மீது வழக்குப் போட வழியுண்டா?

குழு வந்தால் சின்னக் கல்லூரிகள் நசுங்கிப் போகும் என்பார்கள். கனமான ஆட்சேபம்தான். சுமார் 2,200 மாணவர்கள் படித்த, அப்போது விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராதிருந்த யூனியன் கல்லூரி, 2014 இறுதி ஆட்டத்தில் மினசோட்டாவை 7-4 என்று தோற்கடித்த விளையாட்டு இது. 2013இல் யேல் அணி தன் லீக்கின் கடைசி வாரத்தில் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்று, கணக்கின் கருணையில் கடைசிப் படியில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்தது. வந்ததோடு நில்லாமல், பட்டியலில் முதலிடத்தில் இருந்த, அந்த சீசனில் தன்னை மூன்று முறை ஜெயித்திருந்த பக்கத்து ஊர் குவினிபியாக்கை இறுதி ஆட்டத்தில் 4-0 என்று சாய்த்துக் கோப்பையையும் கொண்டுபோயிற்று. ஒரு குழு யேலைச் சேர்த்திருக்குமா? சந்தேகம்தான். ஆனால் இதே உதாரணம் கணக்கின் மானத்தையும் வாங்குகிறது. ஆறு மாதம், ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம், அத்தனையையும் நாலு தசமத்துக்கு அரைத்து எடுத்த வரிசை, தோற்றால் மூட்டை கட்டு என்கிற நாலே ஆட்டத்தில் தலைகீழானது. 2006இல் ஹோலி கிராஸ் ஓவர்டைமில் மினசோட்டாவை 4-3 என்று வெளியேற்றியபோதும் இதே கதைதான். பனித்தளத்தில் பக் எந்தக் காலில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்குச் சூத்திரம் இல்லை. கடைசியில் விதியிடம்தான் விடப்போகிறோம் என்றால், முதலில் மட்டும் எதற்கு இத்தனை துல்லியம்? நியாயம் ஆட்டக்காரர்களுக்குத் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ரசிகன் அதைக் கேட்கவேயில்லை.

திட்டுவதற்கு நடுவர் இருக்கிறாரே, எதிரணி கோல்கீப்பர் இருக்கிறாரே என்பது அடுத்த சமாதானம். இருக்கிறார்கள், பாவம். ஒவ்வொரு கோலுக்கும் மாணவர் கூட்டம் எழுந்து கோல்கீப்பரை நோக்கி விரல் நீட்டி, "சல்லடை, சல்லடை" என்று ஏகக் குரலில் ஓதுவது இந்த விளையாட்டின் நித்திய பூஜை. ஆனால் அது இருபது வயதுப் பையன் மீது காட்டும் கோபம். ஆட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. நடுவரின் தவறும் ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கும், மறுநாள் சனிக்கிழமை வேறு ஆட்டம் வந்துவிடும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஆறு மாதம் பனியே இல்லாமல் காய்ந்துகிடப்பவனுக்கு, அந்த ஆறு மாதமும் கெடாமல் இருக்கிற மனக்குறை வேண்டும்.

கணக்கே வேண்டாம், ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போயேன் என்பது மூன்றாவது உபதேசம். அப்படியும் சிலர் இருந்திருக்கிறார்கள். பாஸ்டன் வட்டாரத்தின் நாலு கல்லூரிகள் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் மோதிக்கொள்ளும் பீன்பாட் போட்டி 1952இலிருந்து நடக்கிறது. 1978 பிப்ரவரி 6 அன்று வெளியே மாபெரும் பனிப்புயல் இறங்கிக்கொண்டிருக்க, பாஸ்டன் கார்டனுக்குள் கூட்டம் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கிளம்ப வழியில்லாமல் பல பேர் அங்கேயே தங்கினார்கள். இறுதி ஆட்டத்தை மார்ச்சுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவராவது எதிராளியின் எதிராளியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனால் அது அந்தக் காலம். இன்றைய ரசிகனுக்கு வெள்ளியும் சனியும் ஆட்டம். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள் சும்மா கிடக்கிறது, கையில் போனும் இருக்கிறது. கணக்குப் போடாதே என்று சொல்வது சுலபம்.

சின்னக் குழு ஒன்று இப்போதும் இருக்கத்தானே இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். இருக்கிறது. பதினாறு அணிகளில் யாரை எந்த ஊருக்கு அனுப்புவது, ஒரே லீக்காரர்கள் முதல் சுற்றில் மோதாமல் எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அவர்கள் வேலை. அந்த அழகையும் பார்க்கிறோமே. அரங்கம் கொள்ளாமல் மாணவர்களும் பேண்டு வாத்தியமுமாக அதிர்கிற கல்லூரி ரிங்குகளை எல்லாம் பூட்டிவிட்டு, இரண்டு தரப்புக்கும் பொதுவான ஊர் என்ற பெயரில், யாருக்குமே சொந்தமில்லாத ஏதோ ஒரு பெரிய அரங்கில் மார்ச் கடைசியில் முதல் இரண்டு சுற்றுகளையும் நடத்துகிறார்கள். காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தொலைக்காட்சியில் தெரிகின்றன. மாணவனிடம் அவ்வளவு தூரம் பயணத்துக்குக் காசு கிடையாது, நாலு நாள் முன்பு சொன்னால் டிக்கெட்டும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சீசன் முழுக்கத் தூக்கிச் சுமந்த கூட்டத்தை, சீசனின் மிக முக்கியமான இரவில் வெளியே நிறுத்துவது முட்டாள்தனம். அதையும் பொதுவான ஊர்தான் நியாயம் என்று சொல்லியே செய்கிறார்கள்.

பரிகாரம் சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் ஓவர்டைம் விவகாரத்தைத் தீர்த்தாக வேண்டும். சீசன் முடிந்து வரும் பிளேஆஃப் ஆட்டங்களில் ஐந்துக்கு ஐந்து பேராக, யாராவது கோல் போடும்வரை விடிய விடிய ஆடுகிறார்கள். 2015 மார்ச்சில் மசாசூசெட்ஸும் நோட்டர் டேமும் ஐந்து ஓவர்டைம் ஆடி, 151 நிமிடம் 42 வினாடியில் மசாசூசெட்ஸ் 4-3 என்று ஜெயித்தது. சாதாரண சீசன் ஆட்டத்திலோ ஆளுக்கு மூன்று பேரை இறக்கி ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, அதில் ஜெயித்தால் முழு வெற்றி இல்லை, ஒரு பின்னம்தான் என்கிறார்கள். ஜெயித்தவனுக்குப் பின்னம், தோற்றவனுக்கும் மிச்சப் பின்னம். இந்தப் பின்னம் மேலே சொன்ன சம்பந்திகள் அத்தனை பேர் வீட்டிலும் புகுந்து புறப்படும். முழு வெற்றியை எந்த இடத்தில் வெட்டுவது என்று யாரோ ஒருவர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டுமே, அவர் யார்? பெயரும் முகவரியும் வேண்டாம். இனிஷியல் கொடுத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.