அடித்துத் திருத்திய சான்றிதழ்

கேள்வி: கைக்குழந்தையோடு எம்.ஏ. சேரப் போகிறாளாம் என் மனைவி. நடக்கிற காரியமா?

பதில்: அ.லலிதாவுக்கு 1937-இல் கணவர் இறந்தபோது வயது 18, மகளுக்கு நாலே மாதம். அதற்குப் பிறகுதான் இன்டர்மீடியட், கிண்டி பொறியியல் கல்லூரி, அதிலும் எலெக்ட்ரிகல்! குழந்தை உறவினர் வீட்டில், அம்மா ஹாஸ்டலில். படித்து முடித்து, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். கல்லூரிதான் தயாராக இல்லை. பட்டச் சான்றிதழில் ‘ஹி’ என்றே அச்சாகியிருந்தது. பேனாவால் அடித்து ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதாவுக்கு இல்லாத ஒரு வசதி உங்கள் மனைவிக்கு உண்டு: வீட்டிலேயே ஒரு கணவர். ராத்திரி குழந்தை சிணுங்கினால் எழுந்து தூளியை ஆட்டுங்கள். அதற்கு நுழைவுத்தேர்வெல்லாம் கிடையாது.