கீழ்ப் படுக்கை யாருக்கு?

பள்ளி விடுமுறை நெருங்குகிறதா என்று அறிய நான் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. உங்கள் கடிதங்களே சொல்லிவிடும். போன மாதம் முழுக்க மூட்டுவலி, மருமகள், தங்கம் விலை. இந்த மாதம் பாங்காக் ரயில். சரி, ஏறுங்கள்.

கே: ஜார்ஜ்டவுனிலிருந்து பாங்காக்கிற்கு ரயில் இருக்கிறதா ஐயா?
– வாசகர், தஞ்சோங் தோக்கோங்

ப: ஜார்ஜ்டவுனில் ரயில் நிலையமே இருந்தது. ரயில்தான் ஒருநாளும் வந்ததில்லை. வெல்ட் கீ பக்கம் மணிக்கூண்டோடு நிற்கிறதே விஸ்மா கஸ்தாம், இன்றைக்குச் சுங்கத்துறை அலுவலகம், அதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்னே ரயில்வேக்காரர்கள் கட்டியது. அங்கே டிக்கெட் வாங்கி, பெட்டி படுக்கையோடு படகேறி, அக்கரையில் பிறையில் இறங்கினால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம். தண்டவாளம் இல்லாத தீவில் ரயில் டிக்கெட் விற்ற சாமர்த்தியம் நம் ஊருக்கே உரியது.

இன்றும் வழி ஏறக்குறைய அதுதான். ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கே கொமுட்டர் ரயில் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாடாங் பெசார், அங்கிருந்து மாலையில் கிளம்பும் தாய்லாந்துப் படுக்கை ரயிலில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். பாடாங் பெசாரிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்.

கே: எங்கள் அப்பா பட்டர்வொர்த்தில் ஏறிப் படுத்து, எழுந்து பாங்காக்கில் இறங்கியதாகச் சொல்கிறார். நடுவில் ரயில் மாறவே இல்லையாம். கதை விடுகிறாரா?
– மகள், பாயான் பாரு

ப: அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். 2016 வரை அப்படித்தான் போனோம்.

1909இல் சயாமும் பிரிட்டிஷாரும் போட்டுக்கொண்ட உடன்படிக்கையில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் பிரிட்டிஷார் பக்கம் வந்தன. பெர்லிஸில் எல்லைக்கோடு விழுந்தது அப்போதுதான். கோடு காய்ந்து ஒன்பதே ஆண்டில், 1918இல், அதன் மேலேயே தண்டவாளம் போட்டு பாடாங் பெசாரில் இரண்டு நாட்டு ரயிலும் கைகோத்தன. அங்கும் மீட்டர் பாதை, இங்கும் மீட்டர் பாதை. ஆகையால் பெட்டி மாறாமல் போகலாம். அப்பா ஏறியது அந்த வம்சத்து ரயிலில்.

பிறகு நம் பக்கம் இரட்டைப் பாதை வந்தது, மின்சாரம் வந்தது. 2015இல் இடிஎஸ் ரயில் பாடாங் பெசார் வரை பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பாங்காக் ரயில் எல்லையோடு நின்றுவிட்டது. பாதை நன்றாக ஆக ஆக ரயில் குறுகிப் போன விசித்திரத்தை என்ன சொல்ல! மறுபடியும் பட்டர்வொர்த் வரை விட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். பேச்சுக்கு டீசல் செலவில்லை.

கே: பாடாங் பெசாரில் என்னதான் நடக்கும்? முதன்முறை போகிறேன், பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

ப: பயப்பட ஒன்றுமில்லை டீச்சர், வரிசையில் நிற்கத்தான் வேண்டும். இரண்டு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் ஒரே நிலையத்தில், ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முகப்பில் மலேசியா உங்களை அனுப்பி வைக்கும். நாலு எட்டு நடந்தால் அடுத்த முகப்பில் தாய்லாந்து வரவேற்கும். இரண்டு முத்திரைக்கும் நடுவில் உள்ள அந்தச் சில அடித் தூரத்தில் நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. நடக்கும்போது அனுபவித்து நடங்கள். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்து வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் அது வேறு தளம், வெளியே வந்துவிடுங்கள்.

தொல்லை வருவது கைக்கடிகாரத்தால்தான். தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னே. அவர்கள் ரயில் அவர்கள் நேரத்தில் ஓடும். போகும்போது கணக்குத் தப்பினால் நடைமேடையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவே. திரும்பும்போது தப்பினால் கொமுட்டர் டாட்டா காட்டிவிடும். ஒரு காலத்தில் வித்தியாசம் அரை மணி நேரம்தான். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரையைப் பன்னிரண்டு என்று தீபகற்பம் முழுக்கத் திருத்தினார்கள். சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்று செய்த வேலை. நம்மிடமிருந்து பறித்த அந்த அரை மணி நேரம் இன்னும் பாடாங் பெசாரில்தான் கிடக்கிறது.

கே: மேல் படுக்கையா, கீழ்ப் படுக்கையா? வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை.
– புதுமணத் தம்பதி, ஆயர் ஈத்தாம்

ப: கீழ் அகலம், ஜன்னலும் உண்டு. மேல் குறுகல், ஜன்னல் கிடையாது, கூரை விளக்கு மூக்குக்கு நேரே. விலை வித்தியாசம் நம் ஊரில் ஒரு நல்ல நாசி கண்டார் சாப்பாட்டுக்குக் காணும். யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கத் திருமணத்துக்கு முன்பே இந்த ரயிலில் அனுப்பியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இருவருமே விழித்திருந்து பார்க்க வேண்டிய காட்சி அது: படுக்கை போடுவது. இருட்டியதும் பணியாளர் வருவார். எதிரெதிரே இருக்கும் இரண்டு இருக்கைகளையும் இழுத்து நடுவில் சேர்ப்பார். கீழ்ப் படுக்கை தயார். தலைக்கு மேலே சாய்ந்திருக்கும் பலகையைச் சாவி போட்டுத் திறந்து இறக்குவார். அதுதான் மேல் படுக்கை. மெத்தை, உறைக்குள்ளிருந்து வெளுத்த விரிப்பு, தலையணை, போர்வை. கடைசியில் திரைச்சீலையைக் கொக்கியில் மாட்டி, ஒரு இழுப்பு. நமக்கு மெத்தை உறையை மாற்றவே அரைமணி பிடிக்கும்; அவர் ஒரு படுக்கையை முடித்து அடுத்ததற்குப் போயிருப்பார், ஆடும் வண்டியில்.

கே: ரயிலில் பீர் கிடைக்குமா?
– 'பேர் வேண்டாம்', பிறை

ப: 2014 முதல் தாய்லாந்து ரயில்களிலும் நிலையங்களிலும் மது கிடையாது. பையில் மறைத்துக் கொண்டுபோகலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். வேப்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த நாட்டில் அதை வைத்திருப்பதே குற்றம்.

கே: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?
– குடும்பத் தலைவி, ஜெலுத்தோங்

ப: தாய்லாந்தில் காய்கறி என்று நம்பி வாங்கியதிலும் மீன் சாறு இருக்கும். 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைத் தேடுங்கள். ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது நம் சீனர்கள் சாப்பிடும் அதே வகைச் சைவம், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஆனால் ஓடும் ரயிலில் கொடி தேட முடியாது. புளிச்சோறு கட்டுங்கள், ஊறுகாயை மறக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஹாட்யாய்க் கோழியைப் பிரிக்கும்போது (மொறுமொறு வெங்காயம் தூவி, புலுட் அரிசிச் சோற்றோடு வரும், வாசனை பெட்டி முழுக்கப் பரவும்) வீட்டுக்காரர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கே: என் பாட்டி ராமநாதபுரத்துக்காரர். ரயில் டிக்கெட் வாங்கிக் கொழும்பில் இறங்கியதாகச் சொல்வார். கடலில் ரயில் எப்படி ஓடியது?
– பேரன், சுங்கை பட்டாணி

ப: பாட்டி ஏறியது போட் மெயில். தமிழன் கண்ட முதல் பெரிய நாடு விட்டு நாடு ரயில் அதுதான் என்பேன்; பாங்காக் ரயில் தம்பி முறை.

முதலில் மதராஸிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் என்றிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி சுருங்கியது. எழும்பூரில் மாலையில் கிளம்பும் வண்டி, ராத்திரி முழுக்க ஓடி, பாட்டியின் ஊரையும் பாம்பனையும் தாண்டி, மறுநாள் தனுஷ்கோடியில் கடல்மேடை வரைக்கும் போய் நிற்கும். இறங்கினால் எதிரே நீராவிக் கப்பல். இர்வின், கோஷென் என்று பெயர்கள். அந்த முப்பத்தைந்து கிலோமீட்டர்க் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். மறுபடியும் ஒரு ராத்திரி, விடிந்தால் கொழும்புக் கோட்டை. இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு கடல், எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். காசு உள்ளவர்களுக்கு அது பயணம். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக்காரர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்து வைத்து, உடம்பைச் சோதித்து, அப்புறம்தான் விட்டார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் மட்டும் 1980களின் தொடக்கம் வரை ஓடியது. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் அந்த ரயிலை மக்கள் இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். போட்டும் இல்லை, மெயிலும் இல்லை. பாட்டியிடம் மண்டபத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள்.

கே: இரவில் ஜன்னல் வழியே என்ன தெரியும்?
– மாணவர், நிபோங் தெபால்

ப: உங்கள் முகம்.

காலையில் பாருங்கள். பாங்காக் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரச்சபுரி தாண்டியதும் பான் போங் என்ற சிறு நிலையம் வரும், அதையடுத்து நோங் பிளா டுக் சந்திப்பு. பர்மாவை நோக்கி ஒரு பாதை அங்கே பிரிகிறது. சயாம் மரண ரயில்பாதை தொடங்கும் இடம் அதுதான். 1942–43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டியும், காட்டாமல் பிடித்தும். காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துப் பான் போங் கொண்டு சேர்த்தது, நீங்கள் குளிர்சாதனப் பெட்டியில் போர்வை போர்த்திக்கொண்டு போகும் இதே தண்டவாளம்தான். நம் நாட்டு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் கிடைத்தால் போவதற்கு முன் படித்துவிடுங்கள். பான் போங் வரும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள் தம்பி.

கே: என் வீட்டுக்காரர் குறட்டை மன்னன். பெட்டியிலுள்ளவர்கள் என்ன சொல்வார்கள்?
– மன்னனின் மனைவி, தாசேக் குளுகோர்

ப: தாய் மொழியில் சொல்வார்கள். உங்களுக்குப் புரியாது.

கே: நாடு விட்டு நாடு போகும் ரயில்களில் மிகக் குறைந்த நேரம் ஓடுவது எது?
– பொது அறிவுப் பிரியர், கூலிம்

ப: உலகக் கணக்கு நம் கைவசம் இல்லை, நம் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்குப் போகும் ஷட்டில் தெப்ராவ். ஐந்தே நிமிடம். இதில் படுக்கை கேட்பவர் சோம்பேறிகளின் அரசர். 2011 ஜூன் வரை மலேசிய ரயில் சிங்கப்பூர் நகருக்குள் தஞ்சோங் பாகார் வரை போயிற்று. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டினார்.

கே: பினாங்கிலிருந்து பாங்காக்கிற்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபெரி, கொமுட்டர், ரயில் என்று ஒரு நாளை வீணாக்குவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?
– கணக்காளர், பத்து உபான்

ப: கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் விமானம். சாவுக்கும் விமானம். உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் ஒரு இரவு ஹோட்டல் வாடகை மிச்சம், அதைக் கழித்தீர்களா? இன்னொன்று, விமானத்தில் எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது. பாடாங் பெசாரில் அதைக் காலால் நடந்து தாண்டுவீர்கள். இதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியாது, கணக்காளர் நீங்கள்தான்.

கே: ஆண்டிறுதி விடுமுறையில் ஆறு பேர் போகிறோம். நேரே பாடாங் பெசார் போய் முகப்பில் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்தானே?
– குடும்பத் தலைவர், பெர்மாத்தாங் பாவ்

ப: ஆறு பேருமா? ரயில் ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதுவும் பாடாங் பெசாரில் கிளம்பும்போது படுக்கைப் பெட்டிகள் ஒன்றிரண்டுதான்; மற்றவை ஹாட்யாயில்தான் சேரும். விடுமுறை நாளில் முகப்புக்குப் போனால் அதிகாரி புன்னகையோடு தலையாட்டுவார். தாய்லாந்து ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம், கடப்பிதழ் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு முதலில் கீழ்ப் படுக்கையைப் பிடியுங்கள். இடம் இல்லை என்று வந்தால் ஹாட்யாய் வரை போய்விடுங்கள். அங்கிருந்து பாங்காக்கிற்கு வேறு இரவு ரயில்களும் உண்டு. டிக்கெட் கைக்கு வந்த பிறகு முதலாளியிடம் லீவு கேளுங்கள்.