பசைக்கு அடங்காத தொட்டி

அமெரிக்காவில் ஆர்.வி. என்றால் அடுப்பு, படுக்கை, கழிப்பறை சகிதம் நெடுஞ்சாலையில் போகும் வீடு. அதன் அடிவயிற்றில் பெரும்பாலும் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, கழுவிய தண்ணீருக்கு 'கிரே டேங்க்', கழிப்பறைக்கு 'பிளாக் டேங்க்'. முதல் இரண்டில் விரிசல் விட்டால் அது பழுது. மூன்றாவதில் விட்டால் குடும்பப் பிரச்சினை. 2006இல் வந்த 'ஆர்.வி.' படத்தில் அந்தத் தொட்டியைக் காலி செய்யப்போய் ராபின் வில்லியம்ஸ் படும் பாட்டுக்கு ஊரே சிரித்தது. சொந்த வண்டியில் சொட்டினால் யாரும் சிரிப்பதில்லை, நேராகப் பசை வாங்க ஓடுகிறார்கள். ஒட்டுவதா மாற்றுவதா என்று தீர்மானிக்க வேண்டியது பர்ஸ் அல்ல, தொட்டியின் பிளாஸ்டிக்தான் என்பது என் கட்சி.

பெரும்பாலான தொட்டிகள் இரண்டு ரகம்: ஏ.பி.எஸ்., பாலிஎத்திலீன். ஏ.பி.எஸ். இளகிய மனசுக்காரர். அதற்கென்றே உள்ள பசை இரு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, மேலே அதே பிளாஸ்டிக் துண்டை ஒட்டினால் நிற்கும். பாலிஎத்திலீனோ மெழுகுபோல வழுக்கும். எதை அப்பினாலும் சில நாள் மரியாதைக்கு ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தோலாக உரிந்துவரும். எது எது என்று தெரிய, அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு மூலையில் தேய்த்தால் போதும். பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ்.; கண்டுகொள்ளாவிட்டால் பாலிஎத்திலீன். அதற்குச் சூடுதான் மொழி. நம் தெருக்களில் பிளாஸ்டிக் குடம் ஒட்ட வருகிறவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதே ரகப் பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பாரே, அதே வித்தை.

"பசை பூசி இரண்டு வருஷம் ஆச்சு, ஒரு சொட்டு இல்லையே" என்பார்கள். அந்த இரண்டு வருஷத்தில் தொட்டி ஒரு தடவையாவது நிரம்பியதா என்று கேட்டால் பேச்சு மாறும். 40 கேலன் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 150 கிலோ. அது ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும்போது, குழாய் சேரும் கழுத்துதான் அடி வாங்குகிறது. தாங்கும் பட்டை தளர்ந்ததால் வந்த விரிசல் என்றால், பட்டையைச் சரிசெய்யாமல் புதுத் தொட்டி போட்டாலும் அதுவும் விரியும். இதில் எதிர்க்கட்சி சொல்வது நியாயமே. "புதுசு செலவாயிற்றே" என்பதும் பொய்யில்லை. ஆனால் செலவில் பெரும்பங்கு தொட்டிக்கா போகிறது? வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயை அறுத்து, தொட்டியை இறக்கி ஏற்றும் கூலிக்கல்லவா போகிறது! அரைகுறையாக ஒட்டுகிறவர் அதே கூலியை இரண்டு முறை அழுகிறார். அளவும் குழாய் வாயின் இடமும் பழைய தொட்டியோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்குகிறவர் மூன்று முறை.

பல வண்டிகளில் அடிப்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கும். இத்தனை நாள் கசிந்ததெல்லாம் அதில்தான் தேங்கி நிற்கும். ஆகவே முதல் திருகைக் கழற்றும்போதே வாயை மூடிக்கொள்வது நல்லது. பசையா புதுசா என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.