ஒத்திகை வெற்றியும் விரிச்சி கேட்டலும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், அதாவது என்.பி.ஏ.வில், அக்டோபர் மாதம் சீசன் தொடங்குமுன் ஆடப்படும் ஆட்டங்களுக்கு ப்ரீசீசன் என்று பெயர். கிரிக்கெட்டில் பயிற்சி ஆட்டம் என்போமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. அரங்கு நிஜம், நடுவர் நிஜம், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் ரொம்பவே நிஜம். முடிவு மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. பிறகு சீசன் தொடங்கும். ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். புள்ளிப் பட்டியல் பிறப்பது அங்கேதான். ப்ரீசீசனில் எல்லாம் வென்ற அணியும் எல்லாம் தோற்ற அணியும் அன்று காலை ஒரே பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

இந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஒரு ரசிகன் நாற்காலியை விட்டு எழுந்து ஏன் கத்துகிறான்? கூடைப்பந்து அறிஞர்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதால் இந்தக் கேள்வி இதுவரை கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

களமாக எடுத்துக்கொண்டது சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியின் ரசிகனை. காரணம் உண்டு. என்.பி.ஏ.வில் 30 அணிகள். அவற்றில் 16 அணிகள் பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். பாதிக்கு மேற்பட்டவர்கள் போகிற அந்த இடத்துக்குத் தொடர்ந்து 16 சீசன்கள் போகாமலே இருந்த அணி இது. 2006இல் விட்ட இடத்தை 2023இல்தான் மறுபடி மிதித்தது. என்.பி.ஏ. வரலாற்றில் இதைவிட நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் இல்லை. இடையில் 2013இல் அணியையே பெயர்த்து சியாட்டிலுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையில் ஒரு குழு வாங்கியதால் ஊரிலேயே தங்கியது. 2018இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. மார்வின் பாக்லியை எடுத்தார்கள். மூன்றாவதாகப் போனவர் லூகா டோன்சிச். இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கூடைப்பந்து தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள், அவர் முகமே உரை சொல்லும்.

பசி தெரிந்தவனிடம்தானே சோற்றைப் பற்றி விசாரிக்க வேண்டும்?

ஆய்வாளருக்கும் ஆய்வுப்பொருளுக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும் என்பது நெறி. இங்கே அது சுமார் 14,000 கிலோமீட்டர். ஆனால் உண்மையை மறைக்கலாகாது: அந்தத் தூரத்தின் இந்தப் பக்கத்தில் டிவி முன்னால் அமர்ந்திருக்கும் ரசிகனும் இக்கட்டுரை ஆசிரியனும் ஒருவனே. அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அக்டோபரில் நமக்குக் காலை ஏழரை. வீட்டில் இட்லி வேகும் நேரம். எனவே தரவுகள் யாவும் ஆவி பறக்கச் சேகரிக்கப்பட்டவை.

முதலில் சூத்திரம். யாரும் செய்து வைக்காததால் நானே செய்தேன்:

எண்ணில் ஏறா ஆட்டத்து வெற்றி
நெஞ்சில் ஏறும், தோல்வி எய்தின்
ஒத்திகை என்ப உணர்ந்திசி னோரே.

இதன் பொருள்: கணக்கில் வராத ஆட்டத்தில் வென்றால் அது வரப்போகும் சீசனுக்குச் சான்று, தோற்றால் ‘இது வெறும் ப்ரீசீசன்தானே’ என்பர் அறிந்தோர். ‘என்ப’ என்ற பன்மையால், ஒருவன் மட்டுமின்றி அரங்கிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் இதைச் சொல்வர் என்பதும் பெறப்படும்.

இந்தச் சூத்திரத்துக்கு முதல் தடை என் வீட்டிலேயே எழுந்தது. 2022 அக்டோபர், சனிக்கிழமை காலை. கிங்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை 133–86 என்று தோற்கடித்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன்.

“இது கணக்குல சேருமாங்க?” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

“சேராது.”

“அப்ப எதுக்கு இந்தக் கத்து? பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது.”

இதற்கு விடை உடனே தோன்றவில்லை. இட்லி ஆறிப்போன பிறகு தோன்றியது: நான் பார்த்தது ஆட்டமே அன்று, விரிச்சி.

விரிச்சி என்பது பழந்தமிழர் நற்சொல் கேட்டல். போருக்குப் போகுமுன் ஊர்ப்புறத்தே நின்று, யாரோ எதற்கோ சொல்லும் சொல்லைக் காதில் வாங்கி, அதைத் தம் காரியத்துக்குக் குறியாகக் கொள்வார்கள். தொல்காப்பியம் இதை வெட்சித் திணையின் துறைகளில் வைக்கிறது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நின்று கேட்கிறார்கள். அங்கே ஓர் ஆயர்மகள், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாய் வந்துவிடுவாள் என்ற பொருளில் ஏதோ சொல்கிறாள். அவ்வளவுதான். அதைக் கேட்டு, போருக்குப் போன தலைவன் திரும்பிவிடுவான் என்று இவர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பெண் முதுபெண்டிரிடம் பேசவில்லை, கன்றிடம் பேசினாள். ப்ரீசீசனும் அப்படியே. பயிற்சியாளர் தன் வேலையைப் பார்க்கிறார். எந்த ஐவரைச் சேர்த்து இறக்கினால் ஒத்துவரும், புதிதாக வந்த பையன் திரும்பி ஓடித் தடுக்கிறானா, முழங்கால் ஆறியவர் எத்தனை நிமிடம் தாங்குவார் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். நல்ல உத்திகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நட்சத்திரங்கள் பாதி ஆட்டம் ஆடிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதாவது அவர் கன்றோடு பேசிக்கொண்டிருக்கிறார். நாம்தான் வேலிக்கு இப்பால் நின்று, நெல்லுக்குப் பதில் சோளப்பொரியைத் தூவியபடி, தலைவன் வருகிறான் என்று கூவுகிறோம். இந்தச் சோளப்பொரி ஒப்புமையை இதற்குமுன் யாரும் சுட்டிக்காட்டியதாக நான் படித்ததில்லை. முன்னுரிமையைப் பதிவு செய்கிறேன்.

இனி, சேராத வெற்றிக்கு இவ்வளவு இனிப்பு ஏன் என்றால், அகத்திணை வழக்கில் இது களவு. சீசன்தான் கற்பு. கற்பில் ஊர் அறியும், பட்டியல் வரும், 82 நாளும் ஊடல், நடுவில் பரத்தையிற் பிரிவு மாதிரி ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள். களவில் இதெல்லாம் இல்லை. ஆளும் புதிது, ஜெர்சியும் புதிது, கணக்கும் இல்லை. களவு ஊரறியாமல் நடக்க வேண்டியது, இதுவோ பல்லாயிரம் பேர் முன் நடக்கிறதே என்று கேட்பாருக்கு: மறைந்திருப்பது ஆட்டமன்று, அதன் பயன் என்க.

களவுக் காதலின் உச்சத்தை நான்காம் குவார்ட்டரில் காணலாம். ப்ரீசீசன் முகாமுக்கு ஓர் அணி இருபத்தொரு பேர்வரை அழைத்து வரும். சீசனுக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்வது பதினைந்து பேரை. அதற்கு மேல் தனி வகை ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று பேர் ஒட்டிக்கொள்வார்கள். மீதிப்பேருக்கு ‘எக்ஸிபிட் டென்’ என்றொரு ஒப்பந்தம் உண்டு. உத்தரவாதம் இல்லாதது, வடிகட்டும்போது முதலில் கழிவது. இவர்கள் களமிறங்குவது கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில். ஜெர்சி எண்ணே காட்டிக்கொடுக்கும், எழுபதுகளில் இருக்கும். அந்தப் பையன் மூன்று முறை தொடர்ந்து 23 அடி 9 அங்குலத்துக்கு அப்பாலிருந்து பந்தைக் கூடையில் போட்டுவிட்டால் ரசிகன் நெஞ்சு இளகிவிடும். “இவனை முதல் ஐவரில் போடாமல் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்பான். அடுத்த வாரம் அந்தப் பையன் தெற்கே ஸ்டாக்டனில், கிங்ஸின் துணை அணியில் இருப்பான். ரசிகனுக்குப் பெயர் மறந்திருக்கும். என் நோட்டில் அப்படிச் சில பெயர்கள் இரட்டைக் கோடு இழுத்து எழுதப்பட்டுள்ளன. அவர்களைச் சங்கடப்படுத்த மனமில்லை. என்னையும்.

நம் நாட்டுத் தரவு ஒன்றும் உண்டு. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பை வொர்லியில் என்.எஸ்.சி.ஐ. அரங்கில் கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மோதின. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் இவையே. முதல் நாள் அரங்கை நிறைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஆய்வாளனுக்கு இதைவிடத் தூய மாதிரி கிடைக்காது. ஆண்டுக்கணக்கான துயரம் அவர்களுக்கு இல்லை, டோன்சிச் புண்ணும் இல்லை. எந்தப் பக்கக் கூடையில் பந்து விழுந்தாலும் கூச்சல். அன்று 48 நிமிடம் முடிந்தபோது இரு அணிகளும் சமமாக நின்றன. உடனே ஐந்து நிமிடம் கூடுதலாக ஆடினார்கள். கணக்கில் சேராத ஆட்டத்தில் வென்றது யார் என்பதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மனித மனம் ஒப்பவில்லை! பேசர்ஸ் 132, கிங்ஸ் 131. மறுநாளும் பேசர்ஸே, 130–106.

விரிச்சி பலித்ததா? ஊர் திரும்பிய பேசர்ஸ் சீசனின் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றது. கிங்ஸ் முதல் ஐந்தையும் தோற்றது. மும்பையில் வென்றவருக்கு மூன்று, தோற்றவருக்கு ஐந்து என்று இதிலிருந்து ஒரு வாய்பாடு கட்டலாம் என நினைத்தேன். அதற்குள் பேசர்ஸ் 45–28 என்று சீசனை முடித்து என் வாய்பாட்டைக் கெடுத்தது. அந்த மும்பை ஆட்டத்தில் எங்களைப் பந்தாடிய பேசர்ஸ் வீரர் டொமான்டாஸ் சபோனிஸ் 2022 பிப்ரவரியில் கிங்ஸுக்கே வந்து சேர்ந்தார். பதிலுக்கு எங்கள் பட்டி ஹீல்ட் அந்தப் பக்கம் போனார். மேலே சொன்ன பிரிவு இதுதான்.

தோல்வியின் தரப்பையும் பார்த்துவிடுவோம். 2012இல் லேக்கர்ஸ் அணி ஸ்டீவ் நாஷையும் டுவைட் ஹோவர்டையும் வாங்கி, கோபி பிரையன்ட்டோடு சேர்த்து நிறுத்தியது. ப்ரீசீசனில் எட்டு ஆட்டம், எட்டிலும் தோல்வி. ‘வெறும் ப்ரீசீசன்தானே’ என்ற வாக்கியத்துக்கு அந்த அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நல்ல கிராக்கி இருந்திருக்கும். சீசன் தொடங்கியது, முதல் ஐந்தில் நான்கு தோல்வி. அகப்பாட்டில் மகள் மெலிந்தால் தாய் வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துவாள், நோய்க்குக் காரணம் வேறாயிருக்க ஆட்டுக்குட்டிதான் பலியாகும். இங்கே பலியானவர் பயிற்சியாளர் மைக் பிரவுன். ஐந்தே ஆட்டத்தில் வேலை போயிற்று.

பெயரை நினைவில் வையுங்கள். பத்தாண்டு கழித்து 2022இல் கிங்ஸின் பயிற்சியாளராக வந்தவரும் அவரே. இம்முறை ப்ரீசீசனில் நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி. முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸை 30 புள்ளியில், கடைசி ஆட்டத்தில் அதே லேக்கர்ஸை 47 புள்ளியில். நான் கத்தியது இதற்குத்தான். அப்புறம் சீசன் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் மயாமியை வென்றார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கின் கூரையிலிருந்து ஊதா நிற லேசர் ஒளி வானத்துக்கு எழும்பும் வழக்கம் அந்த சீசனில்தான் வந்தது. ஒளி 48 முறை எழும்பியது. 48–34, மேற்குப் பிரிவில் மூன்றாமிடம், வறட்சி முடிந்தது. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராக மைக் பிரவுனை ஒரு வாக்கும் சிதறாமல் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் விரிச்சி பலித்தது என்று கொண்டாட எழுந்தேன். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுடன் முதல் சுற்று, ஏழாவது ஆட்டம், எங்கள் சொந்த அரங்கு. அவர்களின் ஸ்டீபன் கரி 50 புள்ளி எடுத்தார். முடிந்தது. எங்களிடம் அக்டோபரில் 47 புள்ளியில் தோற்ற லேக்கர்ஸோ, சீசனின் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றுவிட்டு, மேற்குப் பிரிவின் இறுதிப் போட்டிவரை போனது.

அதே 2022 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து அடிலெய்ட் தர்ட்டி சிக்ஸர்ஸ் என்ற அணி பீனிக்ஸுக்கு வந்து, முந்தைய சீசனில் 64 ஆட்டம் வென்ற அவ்வூர் சன்ஸ் அணியை 134–124 என்று வீழ்த்தியது. 24 பந்துகளை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார்கள். பீனிக்ஸ் ரசிகன் என்ன சொல்லியிருப்பான் என்பதைச் சூத்திரத்தின் மூன்றாம் அடியில் காண்க.

ஆக, தரவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எட்டும் தோற்றது குறியாகப் பலித்தது. நான்கும் வென்றது முதலில் பொய்த்து, பின் பலித்து, மறுபடி பொய்த்தது. நேர்மையான ஆய்வாளன் இந்த இடத்தில் பேனாவை மூடி வைக்க வேண்டும். நான் நேர்மையான ரசிகன். மைக் பிரவுனையும் 2024 டிசம்பரில் கிங்ஸ் அனுப்பிவிட்டது என்பதை இங்கே வருத்தத்துடன் குறித்துக்கொண்டு மேற்செல்கிறேன்.

மேற்செல்ல ஒரே வழி, மாதிரிகளைப் பெருக்குவது. ஆய்வு அடுத்த அக்டோபரிலும் தொடரும். பக்கத்து வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் அந்தத் தடை நீங்கியது. உறவினர், நண்பர், வங்கியிலிருந்து கடன் தர அழைப்போர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: ப்ரீசீசன் நடக்கும் அந்த இரண்டு வாரம் காலை ஏழரையிலிருந்து பத்துவரை எனக்குப் போன் செய்யாதீர்கள்.