கிஸ்தி கேட்டவர்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை

நம் வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டுப் போனால், பதிலுக்கு நாமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை. சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர்கள் இந்த முறையைச் செய்யாமல் 270 வருஷமாகக் கடத்திக்கொண்டிருக்கிறோம். 1755-ல் சென்னைப்பட்டணத்துக் கோட்டையின் ஆணைப்படி அலெக்சாண்டர் ஹெரான் என்ற லெப்டினன்ட் கர்னல் பட்டாளத்தோடு நம்மைப் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கோர்ட்டு வாய்தாவுக்கும் நாம் பட்டணம் போகிறோமே தவிர, அவரை அனுப்பிவைத்த வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை.

அவர் வந்த காரணம் ரொம்ப எளிது. ஆற்காட்டு நவாப் முகமது அலி, சண்டைச் செலவு வகையில் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் பணம் தர வேண்டியிருந்தது. நவாபிடம் பணம் இல்லை. தெற்கே பாளையக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கிஸ்தி என்று வசூல் பண்ணிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அவன் இவனிடம் பட்ட கடனுக்கு, இரண்டு பேரிடமும் கைமாற்றுக்கூட வாங்காத மூன்றாமவன் வாசலில் வந்து நிற்பது. துணைக்கு நவாபின் அண்ணன் மாபூஸ் கான்.

வருகிற வழியில் மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடி. எதிராளி ஒருவர் அந்தக் கோயிலுக்குள் ஒளிந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கதவுக்குத் தீ வைத்து ஹெரானின் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். ஆள் அகப்படவில்லை. வந்ததற்கு ஏதாவது எடுத்துப் போகவேண்டாமா? சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டார்கள். 5,000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று பேரம் வேறு. பணம் கிடைக்காததால் சாமிகளும் பட்டாளத்தோடு மூட்டையில் பிரயாணம் செய்தார்கள். பிறகு திருநெல்வேலியைச் சுற்றிவிட்டு நம் பக்கத்து நெற்கட்டும்செவலுக்கு வந்து, அங்கே பாளையக்காரரான பூலித்தேவரின் மண்கோட்டைக்கு முன்னால் கர்னல் நின்றார். மதிலை உடைக்கிற அளவுக்குக் கையில் பீரங்கிச் சரக்கு இல்லை. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? 20,000 ரூபாய் கேட்டார். உள்ளே இருந்தவருக்கு வெளியே நிற்பவரின் இருப்பு துல்லியமாகத் தெரியும். காசு வரவில்லை, கர்னல் கிளம்பினார்.

திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டு மக்கள் பட்டாளத்தின் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். ‘சாமி, சாமி’ என்று கத்திக்கொண்டே வந்து சிலைகளை மீட்டுப்போனார்கள் என்று வெள்ளைக்காரரே எழுதிவைத்திருக்கிறார். கிஸ்தியும் போய், சிலையும் போய் வந்து நின்ற கர்னலைக் கும்பினியே பட்டணத்தில் ராணுவ விசாரணையில் நிறுத்தி, இனி வேலைக்கு லாயக்கில்லை என்று தீர்த்தது. அவர் டச்சுக்காரர்களின் நாகப்பட்டினத்தில் போய் ஒதுங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரை அனுப்பியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டாமா அண்ணாச்சி? பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். அங்கே மின்சார ரயில் பிடித்துக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். கைடு வேண்டாம். கைடு வைத்தால் ‘மாவீரன் கிளைவ்’ என்று ஆரம்பிப்பார். நடை முடிகிறவரை நாம் மரியாதையாக நிற்க வேண்டியிருக்கும். அடையாள அட்டை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் பையைத் துழாவித்தான் விடுவார்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகம் பூட்டியிருக்கும்.

கோட்டைக்குள் போனதும் முதலில் மண்ணைப் பாருங்கள். கடற்கரை மணல். 1639-ல் பிரான்சிஸ் டே என்ற கும்பினி ஏஜெண்டு, தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் இந்த மணலைத்தான் வாங்கினார். கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது, அலை படகைக் கவிழ்க்கும். அப்புறம் ஏன் இந்த இடம்? பக்கத்துச் சாந்தோமில் டேக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், அடிக்கடி பார்க்கத் தோதாக இருக்கும் என்றுதான் இங்கே பிடித்தார் என்று அந்தக் காலத்து வம்பு. துணி இங்கே மலிவு என்பது அவர் மேலிடத்துக்குச் சொன்ன காரணம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டையும் எழுத முடியாது. அடுத்த வருஷம் ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாளன்று முதல் பகுதி முடிந்தது. அதனால்தான் புனித ஜார்ஜ் கோட்டை என்ற பெயர்.

சட்டப்பேரவை இருக்கும் கட்டடத்தில் கறுப்புக் கல்தூண்கள் நிற்கும். அவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பாண்டிச்சேரி போய்வந்த தூண்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து சில நாளில் கோட்டையைப் பிடித்தார்கள். சாதாரணத் திருடன் குத்துவிளக்கை எடுப்பான். இவர்கள் தூணைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது செய்த காரியங்களில் ஒன்று, தங்கள் தூணைத் தேடித் திருப்பிக் கொண்டுவந்தது. கோவில்குடிக்காரர்கள் தங்கள் சாமியைத் திருப்பி எடுத்தால் அது கலகம் என்பார்கள், அது வேறு கணக்கு.

அதே 1746-ல்தான் ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தா, நம்மூர் ஆள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கோட்டையிலிருந்து நழுவிக் கடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பிறகு பெரிய ஆளானார் என்பதால் வரலாற்றுப் புத்தகங்களில் அது ‘துணிச்சல்’. இங்கே அவர் குடியிருந்த வீடு இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் போதும். கோட்டையோ சண்டை போட்டு மீளவில்லை. ஐரோப்பாவில் உடன்படிக்கை பேசி, கனடாவில் இருந்த லூயிபர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு 1749-ல் இதை வாங்கிக்கொண்டார்கள். நெற்கட்டும்செவலை யாரும் அப்படி மாற்றிக்கொள்ளவில்லை. 1761-ல் கும்பினிப் படைத்தலைவர் யூசுப் கான் அதைச் சண்டை போட்டுத்தான் பிடித்தார். அவருக்கு நவாபும் கும்பினியும் சேர்ந்து கொடுத்த சன்மானம், 1764-ல் மதுரையில் ஒரு தூக்குக் கயிறு.

அடுத்தது செயின்ட் மேரீஸ் தேவாலயம். 1680-ல் கட்டியது, சூயஸுக்குக் கிழக்கே இருக்கிற ஆங்கிலிகன் தேவாலயங்களில் இதுதான் பழையது. கூரை, குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கனத்த வளைவாகக் கட்டப்பட்டது. கர்த்தர்மேல் விசுவாசம் இருந்தது, பிரெஞ்சுக்காரன்மேல் இல்லை. வெளி முற்றத்தில் கல்லறைப் பலகைகளைத் தரையாகப் பாவியிருக்கிறார்கள். லத்தீன், போர்த்துக்கீசு, ஆர்மீனியம் என்று பல எழுத்து. இவை முதலில் வெளியே இடுகாட்டில்தான் இருந்தன. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சிப்பாய்கள் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டதால், செத்தவர்களின் கல்லை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். செத்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

இந்தத் தேவாலயம் திறந்ததும் பதிவான முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது. பெண், காத்தரின் ஹின்மர்ஸ். கோட்டையில் பெரிய உத்தியோகத்தில் இருந்து அந்த வருஷமே இறந்துபோன ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. சொத்தும் கூடவே வந்தது. யேல் 1687-ல் கவர்னரானார். கும்பினிக் கணக்கிலும் சொந்தக் கணக்கிலும் வியாபாரம் நடந்தது. எந்தக் கணக்கு கொழுத்தது என்று சொல்லத் தேவையில்லை. அவர் காலத்தில் இங்கிருந்து கப்பல்களில் ஏறியது துணி மட்டுமல்ல, அடிமைகளும்தான். 1692-ல் கும்பினியே அவரை நீக்கியது. ஊர் திரும்பிய யேல் 1718-ல், அமெரிக்காவில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பேல் சரக்கு, 417 புத்தகம், ராஜா படம் ஒன்று அனுப்பினார். சரக்கு விற்றது 562 பவுண்டு. அதற்கு நன்றிக்கடனாக அந்தக் கல்லூரிக்கு வைத்த பெயர்தான் யேல், இன்றைய யேல் பல்கலைக்கழகம். நம் ஊர்த் தறிக்காரர்கள் ஒவ்வொரு கோயில் கொடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் காலம் காலமாகக் கொடுத்த துணிக்குக் கணக்குப் போட்டால், சங்கரன்கோவிலுக்குப் பாதி உலகத்துப் பல்கலைக்கழகங்களின் பெயர் சொந்தமாகியிருக்க வேண்டும்.

உள்ளே ஜார்ஜ் பிகட்டைப் புதைத்திருக்கிறார்கள். ஹெரான் நம் பக்கம் வந்தபோது இங்கே கவர்னர் இவர்தான். ஆகவே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பிகட் இரண்டாவது முறை கவர்னராக வந்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். நவாபுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்குமாகத் தான் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்திருப்பதாகவும், தஞ்சாவூர் வருமானத்தில் தனக்குப் பங்கு இருப்பதாகவும். ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டு வாங்குகிறவர்! பிகட் சம்மதிக்கவில்லை. 1776 ஆகஸ்டில் சொந்தக் கவுன்சில்காரர்களே கவர்னரைக் கைது செய்து காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே செத்துப்போனார். பாளையக்காரர்களுக்கு ஒழுங்கு மரியாதை தெரியாது, அடங்கமாட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார்களே, அவர்களுடைய கோட்டையின் உள்குத்து இது.

அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் சிலைக்குக் கீழே, திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கிக்கொள்ளும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளை ஈடாக வாங்கியதைக்கூடக் கல்லில் வெட்டிப் பெருமைப்பட முடியும் என்று தெரிந்துகொள்ளப் போகலாம். மற்றபடி துப்பாக்கி, பீங்கான் தட்டு, காசு. சீக்கிரம் வெளியே வந்துவிடுங்கள்.

கோட்டைக்கு வடக்கே உயர் நீதிமன்றம், பக்கத்தில் பழைய சட்டக் கல்லூரி. அந்த வளாகத்தில்தான் பழைய இடுகாடு இருந்தது. ஹின்மர்ஸுக்கும், யேலின் குழந்தை டேவிட்டுக்கும் எழுப்பிய கல்லறை மட்டும் இன்னும் நிற்கிறது. வண்டி நிறுத்த இடம் வேண்டும், இதை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று வழக்கு நடந்து, 2023-ல் ஒரு நீதிபதி மாற்றச் சொல்லி உத்தரவே போட்டார். விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. லாலியின் முற்றுகையைத் தாங்கிய கல்லுக்கு பார்க்கிங் பிரச்சினைதான் பெரிய எதிரி.

பாரிமுனையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ரோட்டில் திரும்பிக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனால், பூக்கடைப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு கோயில்: சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர். இரண்டும் முன்னால் உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தவை. கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று 1757-ல் கும்பினி இடித்தது. ஜனங்கள் கொதித்துப்போகவே மாற்று இடம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்நின்று திரும்பக் கட்டினார். சிவனையும் பெருமாளையும் பக்கத்து வீட்டுக்காரர்களாக வைத்ததற்கே பட்டணத்தார் பெருமைப்படுவார்கள். நம் ஊரில் சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகர்கள் சிவனா பெருமாளா பெரியவர் என்று போட்ட சண்டையைத் தீர்க்க, கோமதியம்மன் தவமிருந்து அந்தச் சாமிகள் இருவரையும் ஒரே உடம்பில் வரவழைத்த கதையை இங்கே அவிழ்த்துவிடலாம். கூடவே இன்னொன்றும்: கைதாகிப் போகிற வழியில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சங்கரநாராயணர் கோயிலுக்குள் போன பூலித்தேவர் திரும்பி வரவேயில்லை, அங்கேயே மறைந்துவிட்டார் என்று நம் பக்கம் சொல்கிறார்கள். ஹெரானும் மறைந்தார்தான். அவர் மறைந்த இடம் நாகப்பட்டினம், டச்சுக்காரர் தயவில்.

பூ வாசத்தைக் கடந்து மேற்கே இன்னும் நடந்தால் யானைகவுனி வழியாக வால்டாக்ஸ் ரோடு. இதைப் பார்க்காமல் திரும்பினால் வந்ததற்கே அர்த்தமில்லை. லாலி வந்து போன பயத்தில், நம்மவர்கள் குடியிருந்த கருப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கும்பினி ஒரு மதில் எழுப்பியது. குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர், மேலே சொன்ன அதே பென்ஃபீல்டு. செலவைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்டலாம் என்று சுவர் வரி போட்டார்கள். ஜனங்கள் கட்ட மாட்டோம் என்றார்கள். இப்படி வரி போட நமக்கு அதிகாரம் உண்டா என்று கும்பினிக்கே சந்தேகம். கடைசிவரை வசூலாகவே இல்லை. சுவரும் போய்விட்டது, ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் ஒரு துண்டு கிடக்கிறது. அந்த வரிக்கு ரசீது வைத்திருக்கிற குடும்பம் பட்டணத்தில் ஒன்றுகூடக் கிடையாது. தன் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தெருவில் காலணா வாங்க முடியாதவர்கள்தான் 600 கிலோமீட்டர் தாண்டி நெற்கட்டும்செவலில் 20,000 கேட்டு வந்து நின்றவர்கள்.

பெயர்ப் பலகையில் இப்போது இது வ.உ.சி. சாலை. 1906-ல் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஆரம்பித்த நம்ம ஒட்டப்பிடாரத்துக்காரர் பெயர். ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார். வால்டாக்ஸ் என்றே கேளுங்கள். தெற்கே முடிவில் சென்ட்ரல். எதிரே பூங்கா ஸ்டேஷனில் ஏறினால் அடுத்தது எழும்பூர். பொதிகை கிளம்ப நேரமிருந்தால் இன்னொரு டீ.